ஃபில்ஃபைண்டர்: கோடு போட்டுத் தரும், எடை போட்டுத் தராது

நட்சத்திரங்கள் பிறக்கும் குளிர்ந்த வாயு மேகங்களான மூலக்கூறு மேகங்களில், நூல்போல் நீண்ட அடர்த்தியான இழைகளைத் தேடிப் பிரிக்கும் மென்பொருள்களில், இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் எடுப்பது பெரும்பாலும் ஃபில்ஃபைண்டர்தான். பைத்தானில் எழுதப்பட்டது, இலவசம், பிப் வழியாக ஒரே வரியில் நிறுவிவிடலாம். எரிக் கோச்சும் எரிக் ரோசலோவ்ஸ்கியும் 2015-இல் வெளியிட்டார்கள். வரைபடத்தைக் கொடுத்தால் இழைகளின் நடுக்கோடு, நீளம், கிளைகள், திசை, வளைவு, அகலம் எல்லாம் அட்டவணையாக வந்துவிடும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நடுக்கோட்டுக்கும் திசைக்கும் நல்ல கருவி. நீளத்தை நம்பலாம், கிளை வெட்டும் அளவுகளை நீங்களே கொடுத்திருந்தால். அகலத்தை முன்னிருப்பு அமைப்பில் அப்படியே எடுக்கவே கூடாது. ஓர் இழை உடைந்து நட்சத்திரமாகுமா என்று தீர்மானிக்கும் எண் நீள-நிறை, அதாவது ஒரு பார்செக் (சுமார் 3.26 ஒளியாண்டு) நீளத்தில் எவ்வளவு நிறை என்பது. அதை இதனிடம் கேட்காமல் நீங்களே கணக்கிடுவது நல்லது.

அந்த எண்ணில் ஏன் இவ்வளவு கறார்? ஒரே வெப்பநிலையில் உள்ள நீண்ட வாயு உருளை தன் அழுத்தத்தால் எவ்வளவு நிறையைத் தாங்கும் என்ற கணக்கை ஜெரமையா ஆஸ்ட்ரைக்கர் 1964-இலேயே போட்டுவிட்டார். ஒலிவேகத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுக்க வேண்டும். 10 கெல்வினில் ஒலிவேகம் நொடிக்குச் சுமார் 0.19 கி.மீ.; விடை பார்செக்குக்கு ஏறத்தாழ 16 சூரிய நிறை. 15 கெல்வினில் அதே வரம்பு 25-ஐ நெருங்கும். வரம்பை ஒட்டி நிற்கும் இழை நீளவாக்கில் சீராகத் துண்டாகும். வெகுவாகத் தாண்டிய இழை துண்டாவதற்கு முன்பே அச்சை நோக்கி ஒடுங்க முனையும். ஆக, நீள-நிறையில் ஒன்றரை மடங்கு பிழை வந்தாலே ‘உடையாது’ என்பது ‘உடையும்’ ஆகிவிடும். இந்த மதிப்பீடு முழுக்க அந்த ஒன்றரை மடங்கு எங்கெங்கே நுழைகிறது என்பதைப் பற்றியதுதான்.

உள்ளே போடும் சரக்கு

ஹெர்ஷல் விண்தொலைநோக்கி 2009 மே முதல் 2013 ஏப்ரலில் ஹீலியம் தீரும்வரை வேலை செய்தது. அதன் கூல்ட் பெல்ட் ஆய்வு அருகிலுள்ள மேகங்களின் தூண் அடர்த்தி வரைபடங்களைப் பொதுவில் வைத்திருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குப் பரப்புக்குப் பின்னால், பார்வைக் கோட்டில் எத்தனை ஹைட்ரஜன் மூலக்கூறு இருக்கின்றன என்பதே தூண் அடர்த்தி. இரண்டு வகை கிடைக்கும்: 18.2 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு) பிரிதிறன், 36.3 ஆர்க்செகண்ட் பிரிதிறன். இழை அகலம் அளக்க முதலாவதை எடுங்கள். இரைச்சல் சற்று அதிகம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இந்த வரைபடம் நேரடி அளவீடு அல்ல. 160 முதல் 500 மைக்ரான் வரையிலான தூசு ஒளியில், ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரே வெப்பநிலை என்று வைத்து எடுத்த பொருத்தம். தூசின் ஒளிபுகாமை 300 மைக்ரானில் ஒரு கிராம் வாயுவுக்கு 0.1 சதுர செ.மீ. என்றும், அலைநீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்றும் வைத்திருக்கிறார்கள். அடர்கருவின் (நட்சத்திரம் உருவாகக்கூடிய அடர்ந்த வாயுத் திரளின்) நடுவில் குளிர்ந்த தூசும் வெளியே வெதுவெதுப்பான தூசும் ஒரே பார்வைக் கோட்டில் விழும்போது பொருத்தம் வெப்பநிலையைக் கூட்டிச் சொல்லும், அடர்த்தியைக் குறைத்துச் சொல்லும். எந்த இழை மென்பொருளாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

உதாரணத்துக்கு டாரஸ் மேகத்தின் எல்1495/பி213 இழையை எடுத்துக்கொள்வோம். தூரம் 140 பார்செக். 18.2 ஆர்க்செகண்ட் அங்கே 0.012 பார்செக், 3 ஆர்க்செகண்ட் பிக்சல் ஒன்று 0.002 பார்செக், 0.1 பார்செக் அகலத்துக்கு 49 பிக்சல். இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லா அமைப்புகளுக்கும் இவைதான் அடிப்படை.

கோப்பின் தலைப்பில் கற்றை அளவு (வரைபடத்தின் பிரிதிறன், இங்கே 18.2 ஆர்க்செகண்ட்) இல்லையென்றால் அதையும் தூரத்தையும் அலகோடு கையால் கொடுக்க வேண்டும். தூரம் கொடுக்காவிட்டால் மென்பொருள் பிக்சலில் மட்டும்தான் பேசும்.

முகமூடி போடும் கட்டம்

முகமூடி என்றால் இழை என்று எடுத்துக்கொள்ளும் பிக்சல்களின் தொகுதி. அதைப் போட முதலில் படத்தைத் தட்டையாக்குகிறது. ஆர்க்டான் சார்பின் வழியே பிரகாசமான அடர்கருக்கள் அமுக்கப்படுகின்றன. இல்லையேல் நாலைந்து கருக்களே வரம்பைப் பிடித்துக்கொண்டு மங்கலான இழைகளை மறைத்துவிடும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் பிரகாசப் பரவலுக்கு ஒரு லாக்-நார்மல் வளைவு பொருத்தி, எங்கே அமுக்குவது என்று அதுவே முடிவெடுக்கும். வரைபடத்தின் ஒரு மூலையில் பெரிய கொத்து எரிந்துகொண்டிருந்தால் (அக்விலா மேகத்தில் டபிள்யூ40 நட்சத்திரக் கொத்து போல) இந்தப் பொருத்தம் பிசகும். சதவீதத்தை நேரடியாகக் கொடுப்பது பாதுகாப்பு, 95-இல் தொடங்கலாம். தட்டையாக்கிய படம் முகமூடிக்கு மட்டுமே, அகலம் மூலப் படத்திலிருந்துதான் எடுக்கப்படும். இந்த வடிவமைப்பு நல்லது.

அடுத்து, உள்ளூர் வரம்பு: ஒவ்வொரு பிக்சலும் தன் அக்கம்பக்கத்தின் சராசரியைவிடப் பிரகாசமா என்று பார்க்கிறது. அக்கம்பக்கம் எவ்வளவு பெரியது? இங்கேதான் ஒரு கொக்கி. நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் அது 0.1 பார்செக், அதற்கு முன் மென்மையாக்கும் அளவு 0.05 பார்செக். இழைகளின் அகலம் எங்கும் சுமார் 0.1 பார்செக் என்ற 2011-ஆம் ஆண்டு முடிவை எடுத்து முன்னிருப்பாக வைத்திருக்கிறார்கள். டோரிஸ் அர்சுமானியன் குழு ஐசி 5146 மேகத்தில் 27 இழைகளை அளந்து சொன்னது அது. இந்த முன்னிருப்போடு ஓட்டி, ‘என் மேகத்திலும் 0.1 பார்செக் வருகிறது’ என்று யாராவது எழுதினால் பாதி விடை கேள்வியிலேயே இருந்தது என்று பொருள். அகலப் பொருத்தத்தை இது நேரடியாகத் தொடுவதில்லை. ஆனால் எந்த அளவுள்ள அமைப்புகள் முகமூடிக்குள் வரும் என்பதை இதுதான் தேர்ந்தெடுக்கிறது. 0.05, 0.1, 0.2 என மூன்று அளவில் ஓட்டி, அகலப் பரவல் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் கட்டுரையில் சொல்லுங்கள்.

உள்ளூர் வரம்பு வெற்று இரைச்சலிலும் இழை கண்டுபிடிக்கும். அதைத் தடுக்க ஒட்டுமொத்தக் கீழ்வரம்பு ஒன்று உண்டு. அதற்கு மதிப்புக் கொடுக்காமல் விடாதீர்கள். வரைபடத்தின் ஓரங்களில் வெற்றுப் பிக்சல்களை ஒட்டிப் பொய் இழைகள் நீளமாக ஓடும்; ஓர மறைப்பு அமைப்பை முடக்கிவிடாதீர்கள்.

முகமூடியில் சிறு ஓட்டைகள் இருந்தால் நடுக்கோடு அவற்றைச் சுற்றி வளையமாகும். ஒரு வளையம் வந்தாலே நீளக் கணக்கு குழம்பும். ஓட்டை நிரப்பும் அளவை ஒரு கற்றைப் பரப்புக்காவது வையுங்கள்.

பிறகு கிளை வெட்டுதல். எலும்புச் சட்டகம் எடுக்கும் (முகமூடியை மெல்லிய நடுக்கோடாகச் சுருக்கும்) எந்த முறையிலும் முகமூடியின் ஓரத்தில் உள்ள ஒவ்வொரு நெளிவும் ஒரு குட்டிக் கிளையாக முளைக்கும். இப்போதைய பதிப்புகளில் முன்னிருப்பு, குறைந்தபட்ச இழை நீளம் 5 கற்றை, கிளை நீளம் 3 கற்றை. தொலைவான மேகத்துக்கு இது பொருந்தும். டாரஸில் 5 கற்றை என்பது 91 ஆர்க்செகண்ட், வெறும் 0.06 பார்செக். அகலம் 0.1, நீளம் 0.06 என்றால் அது இழையே அல்ல. இழை என்று சொல்ல நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்காவது வேண்டும் என்பது பலர் ஏற்ற விதி. டாரஸில் அது 0.3 பார்செக், 147 பிக்சல். கிளைக்கு 49 பிக்சல். இரண்டையும் கையால் கொடுங்கள். வெட்டும் அடிப்படையாக நீளம் மட்டுமா, பிரகாசமும் சேர்ந்தா என்றும் கேட்கும். இரண்டையும் சேர்த்தால் நீளம் குறைந்தாலும் பிரகாசமான கிளைகள் தப்பிக்கும். மையக் கொத்துக்குள் வந்து சேரும் குட்டி இழைகளைத் தேடுபவர்களுக்கு அதுவே சரி.

இன்னொன்று: சட்டகம் எடுக்கும்போது இழையின் இரு முனைகளும் உள்ளே இழுபடும். அதை ஈடுகட்ட, அகலம் அளந்தபின் அந்த அகலத்தை நீளத்தோடு கூட்டுகிறது. அகலம் தவறினால் நீளமும் தவறும். குட்டை இழைகளில் இது கணிசமானது.

அகலம்: முன்னிருப்பில் ஓட்டினால் வீண்

இழையின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம்வரை பார்க்க வேண்டும் என்பதற்கு முன்னிருப்பு 10 பிக்சல். டாரஸ் வரைபடத்தில் அது 0.02 பார்செக். இழையின் அரை அகலமே 0.05 எனும்போது, உச்சியில் கொஞ்சம் மட்டும் பார்த்துவிட்டுக் கௌசியன் வளைவு பொருத்தச் சொல்கிறோம். பின்புலமே கண்ணில் படாத பொருத்தத்தில் அகலமும் பின்புலமும் ஒன்றோடொன்று விளையாடும். பல இழைகள் தோல்வி என்று விழும், விழாதவை அதைவிட மோசம். பார்செக்கில் கொடுங்கள்: 0.15, 0.2, 0.3 என்று மூன்று முறை. மூன்றிலும் அகலம் எவ்வளவு மாறுகிறதோ அதுதான் உங்கள் உண்மையான பிழை. அட்டவணையில் வரும் பிழை எண் பொருத்தத்தின் கணிதப் பிழை மட்டுமே, அதை நம்பி எழுத வேண்டாம்.

பாராட்ட வேண்டியது ஒன்று உண்டு. பக்கத்து இழைக்கு நெருக்கமான பிக்சல்களை அதுவே ஒதுக்கிவிடுகிறது. நெரிசலான மேகத்தில் இது பெரிய உதவி. கற்றையின் பங்கையும் வர்க்கங்களின் கழித்தலால் நீக்கி, பிரித்தறிய முடியாதவற்றைக் குறித்துத் தருகிறது.

குறை: இழை முழுவதற்கும் ஒரே குறுக்குவெட்டு. ஒவ்வொரு பிக்சலையும் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்த்து, இரு பக்கத்தையும் மடித்து, எல்லாவற்றையும் சராசரியாக்குகிறது. ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருக்கும் இழை (பெரிய நட்சத்திரத்தின் காற்று அழுத்தும் பகுதிகளில் இது சகஜம்) சமச்சீராகிவிடும். நடுக்கோடும் முகமூடியின் நடுவில் ஓடுகிறதே தவிர அடர்த்தியின் முகட்டில் ஓடுவதில்லை. முகடு சற்று விலகியிருந்தால் சராசரி விரிந்து அகலம் கூடும். 2017-இல் ஜார்ஜியா பானோபூலூ உள்ளிட்டோர் காட்டியது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது: இழை நெடுகத் தனித்தனியாக வெட்டி அளந்தால் அகலங்கள் பரந்து கிடக்கின்றன, இழைக்கு ஒரு சராசரி எடுத்தால் மட்டுமே 0.1-ஐச் சுற்றி ஒடுங்குகின்றன.

தனித்தனி வெட்டு வேண்டுமென்றால் ராட்ஃபில் பக்கம் போங்கள். கேத்தரின் சக்கரும் ஹோப் சென்னும் 2018-இல் வெளியிட்ட பைத்தான் தொகுப்பு. ஃபில்ஃபைண்டர் தந்த நடுக்கோட்டையே வாங்கிக்கொண்டு, அதன்மேல் வழவழப்பான வளைவு பொருத்தி, நெடுகச் செங்குத்தாக வெட்டி, ஒவ்வொரு வெட்டையும் அதன் முகட்டுக்கு நகர்த்தித் தரும். கௌசியன், பிளம்மர் (நடுவில் தட்டையாக இருந்து வெளியே மெல்லச் சரியும் வளைவு) இரண்டும் பொருத்தலாம். பின்புலத்தை எந்த வளையத்திலிருந்து எடுப்பது, எதுவரை பொருத்துவது என்று இரண்டு தூரங்களைத் தனித்தனியாகக் கேட்கும். மஸ்கா இழையில் அவர்களே சோதித்துப் பார்த்தபோது அகலம் இந்தத் தூரங்களைப் பொறுத்து மாறியது. அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். நடுக்கோட்டுக்கு ஃபில்ஃபைண்டர், குறுக்குவெட்டுக்கு ராட்ஃபில் என்பதுதான் இன்று கட்டணமில்லாமல் கிடைக்கும் நல்ல ஜோடி.

நிறையை நீங்களே போடுங்கள்

சூத்திரம் சிறியது: தூண் அடர்த்தி, ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கான சராசரி நிறை (2.8 ஹைட்ரஜன் அணு நிறை), அகலம் மூன்றையும் பெருக்குங்கள். சதுர செ.மீ.-க்கு 7×10²¹ மூலக்கூறு அடர்த்தி, 0.1 பார்செக் அகலம் என்றால் பார்செக்குக்குச் சுமார் 16 சூரிய நிறை. அக்விலாவில் ஈர்ப்பால் கட்டுண்ட கருக்களில் பெரும்பான்மை 7×10²¹-க்கு மேல்தான் கிடக்கின்றன என்று ஹெர்ஷல் குழு சொன்ன வரம்பும், 10 கெல்வின் உருளையின் வரம்பும் ஒன்றாக விழுவது இப்படித்தான். இரண்டும் ஒத்துப்போவதற்கு 0.1 பார்செக் என்ற அகலமும் தேவை என்பதைக் கவனியுங்கள்.

மூன்று இடங்களில் பிழை நுழையும். ஒன்று, பின்புலம். இழையைச் சுற்றி 2×10²¹ பின்புலம் இருந்து, அதைக் கழிக்காமல் இருபுறமும் 0.2 பார்செக் தூரம்வரை கூட்டினால், பின்புலம் மட்டுமே பார்செக்குக்கு 18 சூரிய நிறை சேர்க்கும். ஒன்றுமில்லாத இழைகூட வரம்பைத் தாண்டிவிடும். முகமூடிக்குள் இருப்பதையெல்லாம் கூட்டி நீளத்தால் வகுப்பவர்கள் செய்வது இதையே.

இரண்டு, தூரம். மொத்த நிறை தூரத்தின் வர்க்கமாகவும் நீளம் தூரமாகவும் மாறுவதால் நீள-நிறை தூரத்துக்கு நேர்விகிதம். அக்விலாவின் ஆரம்பகாலக் கட்டுரைகள் 260 பார்செக் என்று வைத்தன. ரேடியோ இடமாறு அளவீடு பின்னர் 436 என்றது. வித்தியாசம் 1.7 மடங்கு. பழைய அட்டவணையில் பார்செக்குக்கு 10 சூரிய நிறை என்று நின்ற இழை புதிய தூரத்தில் வரம்பைத் தாண்டுகிறது. பழைய தூரத்தில் கணித்த அகலங்களும் அதே விகிதத்தில் கூடும்.

மூன்று, சாய்வு. நம்மை நோக்கிச் சாய்ந்த இழை குட்டையாகத் தெரியும், நீள-நிறை கூடித் தெரியும். தனி இழைக்கு இதைத் திருத்த வழியில்லை; தொகுப்பாகத்தான் பேச முடியும்.

சரிபார்க்க ஒரு கட்டளைக்கல் இருக்கிறது. பெட்ரோ பால்மெய்ரிம் குழு 2013-இல் இதே டாரஸ் இழையின் பி211/பி213 பகுதிக்குச் சொன்னது: பார்செக்குக்கு ஏறத்தாழ 54 சூரிய நிறை, அகலம் 0.09 பார்செக் அளவில். உங்கள் ஓட்டத்தில் இதைவிட வெகுவாக விலகினால் அடுத்த மேகத்துக்குப் போகாதீர்கள், பின்புல வளையத்தைத் திரும்பப் பாருங்கள்.

துண்டுகளுக்கு இடைவெளி

கருக்களை இந்தக் கருவி கண்டுபிடிக்காது. அது இதன் வேலையும் அல்ல. கூல்ட் பெல்ட் ஆய்வின் கருப் பட்டியலை எடுத்து நடுக்கோட்டின்மேல் போட வேண்டும். அக்விலாவுக்கு 2015-இல் வந்த பட்டியலில் நட்சத்திரமில்லாக் கருக்கள் 651, உள்ளே நட்சத்திரம் ஏற்கெனவே உருவாகத் தொடங்கிவிட்டவை 58. கருவிலிருந்து நடுக்கோட்டுக்குச் செங்குத்து இறக்கி, கோட்டின் நெடுக எத்தனை பார்செக்கில் விழுகிறது என்று குறித்து, அடுத்தடுத்த இடைவெளிகளை எடுங்கள். நேர்கோட்டுத் தூரம் எடுத்தால் வளைந்த இழையில் இடைவெளி குறையும்.

கோட்பாடு சொல்வது, சமவெப்ப உருளையில் வேகமாக வளரும் குலைவு அகலத்தைப்போல் நான்கு மடங்கு தூரத்தில் வரும், 0.1 பார்செக் இழைக்கு 0.4 பார்செக். அளந்தால் அப்படி வருவது அபூர்வம், பெரும்பாலும் இதைவிடக் குறைவு. அதைக் கோட்பாட்டின் தோல்வி என்று உடனே எழுதிவிடாதீர்கள். பொருள் சேர்ந்துகொண்டே வளரும் இழை, முனையில் முதலில் சரியும் குட்டை இழை, இழைக்குள் இழை, சாய்வு என நான்கு காரணங்களும் இடைவெளியை மாற்றும். கிளைகளை வெட்டாமல் விட்ட சட்டகத்தில் ஐந்தாவது காரணம் நீங்கள்தான்.

மாற்றுச் சரக்கு

டிஸ்பெர்ஸ், தியரி சூஸ்பி 2011-இல் வெளியிட்டது. அண்டத்தின் பெருவலைக்காக எழுதப்பட்டு மேகங்களுக்கு வந்தது. முகமூடி கிடையாது, உச்சிகளையும் சேணப் புள்ளிகளையும் (இரு உச்சிகளுக்கு நடுவே உள்ள கணவாய்கள்) இணைக்கும் முகடுகளைப் பின்தொடர்கிறது. அதனால் பிரகாசமான மேகத்தின் உள்ளே ஓடும் முகட்டையும் பிடிக்கும். ஃபில்ஃபைண்டர் அங்கே மொத்தத்தையும் ஒரு குண்டு முகமூடியாக்கிவிடும். சி++ மூலநிரலை நீங்களே கம்பைல் செய்ய வேண்டும், சார்பு நூலகங்களின் பதிப்பு பொருந்தாவிட்டால் முதல் நாள் அதிலேயே போகும். முக்கிய அமைப்பு ஒன்றுதான்: நிலைப்பு வரம்பு, அதாவது உச்சிக்கும் அதன் சேணப் புள்ளிக்கும் இடையே குறைந்தது எவ்வளவு வித்தியாசம் வேண்டும் என்பது. இரைச்சலின் சில மடங்கில் தொடங்கி ஏற்றுங்கள். குறைவாக வைத்தால் வலைப்பின்னலாகக் கோடுகள் வரும். வந்தபின் வடிகட்டலும் தேவை. எட்டுப் பகுதிகளில் இதை ஓட்டிய 2019 ஆய்வு, நீள-அகல விகிதம் 3-க்கு மேல், பின்புலத்தோடு ஒப்பிட்ட மாறுபாடு 0.3-க்கு மேல் என்று வடிகட்டி 599 இழைகளைத் தேர்ந்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. டிஸ்பெர்ஸின் கோடுகள் வரையறைப்படியே உச்சிகளின் வழியே போகும். அடர்கருக்களும் உச்சிகளே. ‘கருக்கள் இழைமேல் அமர்ந்திருக்கின்றன’ என்ற புள்ளிவிவரத்தை இந்தக் கோடுகளை வைத்து எடுத்தால் ஒரு பகுதி தானாகவே வந்துவிடும். அந்தக் கேள்விக்கு மட்டும் ஃபில்ஃபைண்டரின் முகமூடி நடுக்கோடு நேர்மையானது.

கருக்களையும் இழைகளையும் பின்புலத்தையும் ஒருசேரப் பிரிக்க கெட்எஸ்எஃப் இருக்கிறது. வேலை நல்லது, கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும்.

இவை எதுவும் வாயுவின் வேகத்தைப் பார்ப்பதில்லை. 2013-இல் அல்வாரோ ஹகார் குழு எல்1495/பி213-ஐக் கார்பன் மோனாக்சைடின் அரிய ஐசோடோப்பு வரியில் பார்த்தபோது, படத்தில் ஒரே இழையாகத் தெரிந்தது வேகத்தில் 35 தனி நார்களாகப் பிரிந்தது. அவற்றில் பல தனியாக எடுத்தால் வரம்பை ஒட்டியே நிற்பவை. 54 என்ற நீள-நிறை ஒரே இழையின் எண்ணா, பின்னிக் கிடக்கும் பல நார்களின் கூட்டா என்பதைத் தூசு வரைபடத்திலிருந்து சொல்ல முடியாது. வேகத்தில் தனித்தெரியும் நார் வெளியிலும் தனியாகத்தான் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. கணினி உருவகங்களில் இரண்டும் பல இடங்களில் பொருந்தவில்லை. வேகத் தரவு கையில் இருந்தால், ஃபில்ஃபைண்டர் கோட்டின்மேல் ஒவ்வொரு 0.1 பார்செக்குக்கும் ஒரு நிறமாலை எடுத்து எத்தனை உச்சி தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கு மேல் தெரியும் இடங்களை நீள-நிறை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு மீதியை மட்டும் 16-உடன் ஒப்பிடுங்கள்.